செம்பு கலந்த சிவப்பு

சித்திரையில் தடைக்காலம் தொடங்கியதும்
சின்னமுட்டத்தில் படகுகள் கரையேறும்.
தண்ணீரில் கம்பீரமாய் நின்றவை எல்லாம்
கட்டைமேல் தூக்கி நிறுத்தியதும்
வேட்டி அவிழ்ந்த பெரிய மனுஷர்கள் மாதிரி
அடிவயிறு தெரிய நிற்கும்.

அங்கேதான் எனக்கு வேலை.

கொட்டலசு, பச்சைப் பாசி, குழாய்ப் புழு,
விரல் நகம் அளவில் சிப்பிக் குஞ்சு.
பத்து மாதம் வாடகை தராமல் குடியிருந்த கூட்டம்.
"நாளுக்கு முப்பது லிட்டர் டீசல்
இதுகளுக்குத் தீனி போட்டிருக்கேன் மக்கா"
என்பார் படகுக்காரர் ததேயு,
விரலை மடக்கி மடக்கி.

கொட்டலசை அருகில் பார்த்தவர் குறைவு.
மிதந்து திரியும் வயதில் ஓர் இடம் பிடித்ததும்
தலையைப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும்.
பிறகு ஆயுசுக்கும் தலைகீழ்.
காலை நீட்டி நீட்டிச் சாப்பாடு அள்ளும்.
சுரண்டினால் அது போகும்,
வட்டமாய் ஒரு வெள்ளைத் தழும்பு போகாது.
அதற்கு உளி வேண்டும், பிறகு உப்புத்தாள்,
பிறகு என் வலது தோள்.

என்னிடம் இருப்பது ஒரே உளி.
ஐப்பசி முதல் மாசிவரை
கடியபட்டணத்துப் பாறைகளில்
இதை இடுப்பில் செருகிக்கொண்டுதான்
சிப்பிக்குக் குளிப்பேன்.
மூச்சடக்கி இறங்கி
கல்லை இறுகப் பிடித்த கறுப்புக் கொத்தைக் கண்டதும்
மாதாவே என்று மனசு சொல்லும்.
அதே பிடியை வைகாசியில்
படகின் அடியில் பார்த்தால்
வாயில் வருவது வேறு வார்த்தை.

கழுவிக் காயவிட்டபின் டின் திறக்கலாம்.
குச்சியால் அடிவரை கிண்ட வேண்டும்,
செம்பு கீழே போய்ப் படுத்துக்கொள்ளும்.
இரண்டு பூச்சு. சுக்கானுக்கு மூன்று.
துத்தநாகக் கட்டிமேல் மட்டும்
ஒரு சொட்டும் படக்கூடாது.
இரும்புக்குப் பதிலாய்த் தான் கரைவதற்கென்றே
முடுக்கி வைத்தது அது.
போன வருஷத்துக் கட்டி
பாதி சப்பிய மிட்டாய்போல் இருக்கும்.

இந்தச் சிவப்பும் கரைவதற்குத்தான்.
கொஞ்சம் கொஞ்சமாய்க் கசிந்து
படகைச் சுற்றி ஒரு கசப்பை விரித்து வைக்கும்.
குஞ்சு வந்து தொட்டுப் பார்த்துவிட்டு
வேறு வீடு தேடும்.
அல்லது தேடாது.

போன தையில் கடியபட்டணத்துக் கடல் கலங்கி
கை நீட்டினால் கை தெரியவில்லை.
சின்னமுட்டம் அலைத்தடுப்புக் கல்லில்
ஒரு கூடை பறித்துக்கொண்டு போனேன்.
டெல்பின் ஒன்றைப் பிளந்து முகர்ந்தாள்.
"இது எங்க உள்ளது?"
சொன்னேன்.
"உம்ம பெயிண்ட குடிச்ச சிப்பி.
நான் சந்தைக்கு எடுக்கமாட்டேன்."
பிள்ளைகளுக்கும் வைக்கவில்லை.
இரவு முழுக்கக் கூடைக்குள்
ஒவ்வொன்றாய் வாய் மூடும் சத்தம்.

இந்த வருஷம் படகுக்கடியில் தார்ப்பாய் விரித்தேன்.
உதிர்ந்த பழைய சிவப்பைக் கூட்டிச்
சாக்கில் கட்டினேன்.
ததேயு சிரித்தார்:
"கடல்ல இல்லாத இடமாடே?"
எங்கே போடுவது என்று
துறைமுக அலுவலகத்தில் கேட்டேன்.
மேசைக்கு மேசை கை காட்டினார்கள்.
கடைசி மேசையில் ஆள் இல்லை.

பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

ஆனியும் ஆடியும் விடாத மழை.
பின்சுவரில் பாசி. துவைகல்லில் பாசி.
கழற்றிப் போட்ட என் செருப்பில்கூடப் பச்சை.
சாக்கின்மேல் மட்டும் ஒன்றும் இல்லை.
சுற்றி ஒரு முழத்துக்குப் புல்லும் இல்லை.

நல்ல பெயிண்ட், என்றேன்.

டெல்பின் பதில் சொல்லாமல்
துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து
அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினாள்.