காக்காப்பொன்

ஞாயிறு விடிந்ததும் தள்ளுவண்டியில் வந்திறங்கியது
ருபியேலின் ஆம்ப்ளிஃபயர்.
மூன்றாவது சனிக்கிழமையாக
இரவு இரண்டு மணிக்கு ஃபியூஸ் போகிறதாம்.
தெருவே ஆடிக்கொண்டிருந்ததாம்.
ஆளுயர ஸ்பீக்கரில் தீட்டிய பெலிக்கன்
அலகு திறந்தபடி ஊமையாய் நின்றதாம்.
"பாரங்கியாவில் எனக்கு இனிப் போக மானம் இல்லை, நூரிஸ்."

மேசைமேல் அது பச்சைப்பிள்ளை.
மீட்டரின் ஒரு முனையை டிரான்சிஸ்டரின் தொப்பியிலும்
மறுமுனையை அலுமினியச் செதில்களிலும் வைத்தேன்.
சத்தமில்லை. பதினாறிலும் சத்தமில்லை.
இருக்கவும் கூடாது:
அந்த இரும்புத் தொப்பியிலேயே எண்பது வோல்ட் குடியிருக்கிறது,
செதில்களோ பெட்டியோடு உறவு, பெட்டி பூமியோடு.
நடுவே காக்காப்பொன் தகடு ஒன்றுதான்,
வெங்காயச் சருகைவிட மெல்லியது.
அதற்கு இட்ட வேலை விநோதம்:
சூட்டை விடு,
மின்சாரத்தை விடாதே.

குளிரில் பொய் சொல்லும் சாட்சி.
சுட்டுத்தான் கேட்க வேண்டும்.
வாளித் தண்ணீரில் ரெசிஸ்டர்களை முக்கி
ஸ்பீக்கர் என்று நம்பவைத்தேன் அதை.
கூரைத் தகரத்தில் கரீபிய வெயில்.
வாளி வெதுவெதுத்தது, பிறகு ஆவி விட்டது.
மூன்றாம் மணியில், டப்.
ஆறுவதற்குள் முனைகளை வைத்தேன்.
பதினொன்றாவது கத்தியது.

திருகைக் கழற்றி, வெள்ளைப் பசை துடைத்து,
தகட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
ஊசி குத்திய இடம், ஓரம் கருகி.
அடியில் துளையின் விளிம்பை விரல் நுனியால் தடவினேன்:
எறும்புக்கால் அளவு அலுமினியப் பிசிறு.
சூட்டில் உலோகம் விரிய விரிய
ராவோடு ராவாகக் குத்தியிருக்கிறது.

துளையின் கோணல் எனக்குத் தெரியும்.
கார்னிவலுக்கு முந்தைய நாள்,
ஐந்து பேர் வாசலில் நிற்க,
ஓரம் வழிக்காமல் மூடிய துளை.

"எவன் செய்த வேலை இது?" என்றான் ருபியேல்,
கையில் இரண்டு சோடா பாட்டில்களோடு.
"நான்" என்றேன்.
இரண்டையும் அவனே குடித்தான்.

பதினாறு துளைகளையும் வழித்தேன்.
கூலி கேட்கவில்லை. அவன் கொடுக்கவுமில்லை.

சனிக்கிழமை இரவு, இரண்டேகால்.
கூட்டத்தை இடித்துக்கொண்டு பெலிக்கனின் பின்பக்கம் போய்
செதில்கள்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
ஐந்து எண்ணும்வரை தாங்கியது.
எடுத்துக்கொண்டேன்.