வாய்மாற்று

குவானகாஸ்தேயில் மழை நின்றபின்
காற்றுதான் ஆள்கிறது.
மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கம்பிவலைக் கூண்டு.
உள்ளே, இலவமரப் பொந்திலிருந்து பிடித்துவந்த
இருபத்துமூன்று பெண் வௌவால்கள்.
இரத்தம் குடிப்பவை. ஒரு வேளைக்கு இரண்டொரு கரண்டி.
மூன்று இரவு வயிறு காய்ந்தால்
நான்காவது இரவு கிடையாது.

பட்டினி போடுவது என் வேலை.
இரவுக்கு ஒருத்தி, முறை வைத்து.
பிறகு கூட்டத்தில் விட்டுவிட்டு
அகச்சிவப்புத் திரையில் பார்ப்பேன்:
யார் அவள் முகத்தை நக்குகிறாள்,
யார் குடித்ததைக் கக்கி
வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறாள்,
எத்தனை நிமிடம், எத்தனை நொடி.
மொய் எழுத உட்கார்ந்தவளைப் போல
கொடுத்தவள் எண், வாங்கியவள் எண்.

ஆன்னெகிரெட் ஜெர்மனியிலிருந்து வந்தவர்.
கொசுவுக்குப் பயந்து கோடையிலும் காலுறை.
இன்று கொடுத்தவளுக்கு நாளை கிடைக்கும், என்பார்.
கொடுக்கத் தெரிந்தவளின் வம்சம் தங்கியது.
மற்றவளுடையது பொந்தின் அடியில் எலும்புத்தூள்.
"அன்பு என்று எழுதாதே, யோர்லேனி.
நிமிடம் எழுது."

கிரெட்டெலின் கணக்கு
எழுதாமலே எனக்குத் தெரியும்.
குளிர்சாதனப் பெட்டிக்கு வாங்கிய கைமாற்று,
அறுபதாயிரம் கொலோன், மூன்று வருடம்.
அவள் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை,
பேச்சும் நின்றது.
மளிகைக் கடையில் என்னைக் கண்டால்
சோப்பு உறைகளைப் படிக்கத் தொடங்கிவிடுவாள்.

பிப்ரவரியில் எனக்கு டெங்கு.
கதவு தட்டும் சத்தம் கேட்கவில்லை.
படியில் ஒரு பானை மட்டும்:
மாட்டெலும்பு, மரவள்ளி, சோளத் துண்டு,
மூடியைச் சுற்றி அவள் தலைத்துண்டு.
மூன்று நாள், மூன்று பானை.

காய்ச்சலில் கூட்டிப் பார்த்தேன். சரிவரவில்லை.
உடன்பிறந்தவள் என்றால் அரைப் பங்கு,
அதற்கும் ஆன்னெகிரெட்டிடம் வாய்ப்பாடு உண்டு.
ஆனால் நாங்கள் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை.
நாலு வயதில், தன் அம்மாவின் இடுப்பில்,
எங்கள் வீட்டுக்கு வந்தவள் அவள்.

வேலைக்குத் திரும்பிய இரவு நாற்பத்தொன்றின் முறை.
மகா கருமி.
இரண்டு மாதத்தில் யாருக்கும் ஒரு சொட்டு ஈந்ததில்லை.
எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.
பதினேழு மட்டும்
கூரைக்கம்பியில் நொண்டி நொண்டி வந்தாள்.
நக்கினாள், நெடுநேரம்.
பிறகு நாலு நிமிடம் இருபது நொடி.

ஆன்னெகிரெட் திரையை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.
"பழைய கடனாக இருக்கும்.
மரப்பொந்தில் என்ன நடந்ததென்று
நமக்குத் தெரியாதே."

இருக்கலாம். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி.
எங்கள் பொந்தில் நான் அவளுக்கு என்ன கொடுத்தேன்?
விடியும்வரை யோசித்தேன்.
ஒரு பல் மட்டும் ஞாபகம் வந்தது,
நான் அடித்து உடைத்தது.

ஞாயிறன்று மூன்று பானையையும் கழுவி,
ஒன்றுக்குள் முப்பதாயிரம் வைத்து
எடுத்துப் போனேன்.
அவள் மூடியைத் திறக்கவில்லை.

"உப்பு சரியா இருந்துச்சா?" என்றாள்.

கொஞ்சம் கம்மி, என்றேன்.