நிரப்ப வேண்டிய சாவி

ஹல் நகரத்தில் பூட்டுத் திறப்பது என் பிழைப்பு.
கதவுக்குப் பின்னால் யார் என்பது
கூலியில் சேர்த்தி இல்லை.
ஒரு காலத்தில் நாளைக்குப் பதினொரு வீடு.
ஒரு கட்டு வாரண்ட், மின்கம்பெனி ஆள் ஒருவர்.
அவர் பழைய மீட்டரைக் கழற்றி
முன்பணம் கேட்கும் மீட்டரை மாட்டுவார்,
நான் வேனில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்பேன்.

பிறகு செய்தியில் யாரோ ஒருவரின் குழந்தை அழுதது.
சில நாளில் தடை.
ஒழுங்குமுறை ஆணையம் என்ற பெயரை
அன்றுதான் எழுத்துக்கூட்டி முழுசாக வாசித்தேன்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
கார் சாவியைக் காருக்குள் வைத்துப் பூட்டியவர்கள்தான்
எனக்குச் சோறு போட்டார்கள்.
என் வீட்டு எரிவாயு பாக்கியும் ஏறியது.
யாரிடமும் சொல்லவில்லை,
ஜில்லியிடம்கூட.

தடை நீங்கியது, விதிகளோடு.
பத்து முறையாவது தொடர்புகொள்ள வேண்டும்.
நேரில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.
சட்டையில் கேமரா.
மூச்சுக்கு இயந்திரம் வைத்திருப்பவர் என்றால் கூடாது.
எழுபத்தைந்து தாண்டித் துணையில்லாதவர் என்றால்
கூடவே கூடாது.
நல்ல விதிகள்தான், குறை சொல்ல மாட்டேன்.
எழுதியவர் எங்கோ ஒரு வீட்டில்
ஒரு ராத்திரியாவது விறைத்திருக்க வேண்டும்.

ஜனவரி. ஹோல்டர்னஸ் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து.
ஹம்பர் ஆற்றுக் காற்று காதைத் திருகியது.
பெயர், வில்ஃப் ஓட்ராய்ட்.
வயது, எழுபத்து நான்கு, பத்து மாதம்.
பியாத்தா, அவள்தான் இப்போது கம்பெனி ஆள்,
அந்தப் பத்து மாதத்தை இரண்டு முறை படித்தாள்.

மண்டி போட்டேன். ஐந்து ஊசிப் பூட்டு,
இரண்டு நிமிட வேலை.
கம்பியை நுழைக்குமுன் கதவு தானாக உள்ளே போனது.
"இத்தனை கடிதம் போட்டபின் வராமலா இருப்பீர்கள்?" என்றார்.
"பூட்டை உடைத்தால் அந்தச் செலவும்
என் கணக்கில்தானே ஏறும்?"

விளக்கு ஒன்றும் இல்லை,
மீன்தொட்டியைத் தவிர.
உள்ளே ஆறு மீன், தீக்குச்சி நீளம்,
நீலக் கோடு போட்டவை.
தண்ணீர் இருபத்தைந்து டிகிரி.
அறை ஒன்பது இருக்கலாம்.
"எனக்குக் கோட்டு இருக்கிறது.
அதுகளுக்கு இல்லையே."

பியாத்தா மாட்டி முடித்தாள்.
நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சாவி கொடுத்தாள்,
மூலைக் கடையில் காசு போட்டு நிரப்ப வேண்டியது.
அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"மார்ச் ஒன்பதாம் தேதி எனக்கு எழுபத்தைந்து.
அன்றைக்கு வந்து கழற்றிக்கொண்டு போவீர்களா?"

அவள் போனைத் திறந்தாள்.
கட்டைவிரல் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது.
மாட்டக் கூடாதது யாருக்கு என்று நிறைய இருந்தது.
பிறந்தநாளைப் பற்றி
அவள் தேடிய வரைக்கும் ஒன்றும் இல்லை.
அவள் நெஞ்சில் கேமராவின் சிவப்புப் புள்ளி
விட்டு விட்டு மின்னியது,
அதுவும் யோசிப்பதுபோல.
"பரவாயில்லை, நீ விதியை மீறவில்லை," என்றார் அவளிடம்.
என்னை அவர் பார்க்கவில்லை.

படிவத்தில் இரண்டே கட்டம்:
பூட்டுத் திறக்கப்பட்டது, திறக்கப்படவில்லை.
திறக்கப்பட்டது என்று டிக் செய்தேன்.
வெள்ளிக்கிழமை பணம் வந்தது.

முப்பது வருஷமாகச் சாவி வெட்டுகிறேன்.
ஒரு தடவை வெட்டினால் போதும்,
பூட்டு தேயும்வரை திறக்கும்.
பசிக்கிற சாவியை
நான் வெட்டியதே இல்லை.

பால் வாங்கப் போன ஒரு சாயங்காலம்
வரிசையில் எனக்கு முன்னால் அவர்.
கடைக்காரப் பெண் நீலச் சாவியை இயந்திரத்தில் செருகி
எவ்வளவுக்கு என்றாள்.
ஐந்து பவுண்டு, என்றவர்
சில்லறையை எண்ணிவிட்டு, இல்லை, நாலு, என்றார்.
அன்று என்ன தேதி என்று நான் பார்க்கவில்லை.
பால் பாட்டிலில் மட்டும்
பதினாறு மார்ச் வரை நல்லது என்று போட்டிருந்தது.

"மீன் எல்லாம் எப்படி?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.
திரும்பினார். யாரென்று அடையாளம் தெரிந்ததோ என்னவோ.
சாவி இருந்த கையாலேயே
மூன்று விரலைக் காட்டினார்.