ஏழாம் எண் அட்டை

நாரின் நகரில் டிசம்பர்.
அறிவியல் மன்றத்தின் முதல் கூட்டத்துக்கு
மூன்று பேர்தான் வந்தோம்,
அதுவும்
பொரித்த பூர்சோக் உண்டென்று
அய்ஜார்கின் சுவரொட்டியில் எழுதியிருந்ததால்.

தின்று முடிப்பதற்குள்
ஆளுக்கு இரண்டு அட்டை, வேஸலின் பூசியது.
"சன்னலுக்கு வெளியே. ஒரு வாரம்."

பிறகு பூதக்கண்ணாடியில்
கரித்துகள் எண்ணினோம்.
சந்தையில் நாற்பது. பாலத்தில் முப்பத்தொன்று.
ஏழாம் அட்டையில் எண்ண எதுவுமில்லை,
ஒரே கறுப்பு.
எங்கள் பள்ளியின் கொதிகலன் அறை.

"இதை மட்டும் விட்டுவிடலாமே,
தலைமையாசிரியர்..." என்று இழுத்தான் நூர்சாத்.
அவள் பதில் சொல்லவில்லை.
அறிவிப்புப் பலகையில் ஏழாவதையும் குத்தினாள்.
கீழே தன் பெயரை மட்டும் எழுதினாள்.

நூர்சாத் பேனாவைப் பிடுங்கித்
தன் பெயரையும் கிறுக்கினான்,
கோணலாக.
பிறகு கேட்டான்:
"அடுத்த வாரமும் பூர்சோக் உண்டுதானே?"