அக்கரைக்குப் போன வீடு

பத்தொன்பது வருடம் கழித்து
சிலோயே தீவில், தல்காவேயில் பேருந்திலிருந்து இறங்கினேன்.
நான் புறப்பட்ட அன்று பிடித்த மழை
இன்னும் விடவில்லை போல, என்றேன் நடத்துநரிடம்.
அவன் சிரிக்கவில்லை.
திரும்பி வருகிற எல்லாரும்
இதையேதான் சொல்கிறார்களோ என்னவோ.

பையில் தங்கைக்கு ஒரு கைக்கடிகாரம்,
வீகோ துறைமுகத்தில் வாங்கியது,
இன்னும் அந்த ஊர் நேரத்தில் ஓடுவது.
மீன்கப்பல் சமையற்கட்டில் கணவாய் நறுக்கி நறுக்கி
நுனி மழுங்கிய கட்டைவிரல்.

உன் ஊர் எது என்று யார் கேட்டாலும்
நான் வீட்டைத்தான் சொல்வேன்.
மீன்செதில் போல மரச்சில்லு போர்த்திய சுவர்,
மஞ்சள் கதவு,
சன்னலைத் திறந்தால் கடல், கடலுக்கு அப்பால்
வெயில் உள்ள நாளில் மட்டும் ஒரு எரிமலை.
பாதி சொல்வதற்குள்
கேட்டவன் தூங்கியிருப்பான்.

மேட்டுப்பாதையில் ஏறினேன்.
முட்புதர் வளைவைத் தாண்டினால் வீடு.
தாண்டினேன்.
இல்லை.

எரிந்திருந்தால் கரி கிடக்கும்,
இடிந்திருந்தால் பலகை கிடக்கும்.
புல்தான் கிடந்தது, நீள்சதுரமாக,
சுற்றிலும் உள்ள புல்லைவிட ஒரு நிறம் இளசாக.
காலடியால் அளந்து
என் அறை இருந்த இடத்தில் போய் நின்றேன்.
மழை நேரே உச்சந்தலையில் விழுந்தது.

உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ருதெசிந்தோ
நிமிர்ந்து பார்த்தார்.
"உன் வீடா? அது போய் ஆறு வருடமாயிற்றே,"
என்றார்,
கோபித்துக்கொண்டு போன மருமகனைச் சொல்வதுபோல.
சேற்றுக் கையை நீட்டினார்.
ஒடுங்கிய கடலின் அக்கரையில்
மஞ்சளாக ஒரு புள்ளி.

படகில் போகும்போதுதான் அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது.
'வீடு நல்லபடியாக வந்து சேர்ந்தது.'
நான் அனுப்பிய பணத்தைச் சொல்கிறாள்,
அவசரத்தில் சொல் மாறிவிட்டது என்று
கேப் டவுனில் வெங்காயம் உரித்தபடி
தனியே சிரித்தேன்.

கரை அரித்துக்கொண்டே வந்ததாம்.
பன்னிரண்டு ஜோடி மாடு, உருட்டுக்கட்டை,
கயிறு பிடிக்க இரண்டு ஊர் ஆட்கள்.
வற்றத்தில் மணலுக்கு இழுத்து வைத்து
ஏற்றத்துக்காகக் காத்திருந்தார்களாம்.
"மிதந்தது அண்ணா," என்றாள் ஓர்ஃபெலினா.
"மூன்று படகு முன்னால் இழுக்க,
பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தது.
நேராக்க ஒரு மணி நேரம் ஆயிற்று."

கிழங்கை வாணலியில் புரட்டியபடி கேட்டாள்:
"கடலில் நீ வாந்தி எடுப்பாயா?"
"முதல் வருடம் முழுக்க."
"வீட்டில் ஒரு தட்டுகூட உடையவில்லை,"
என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அடுப்பு அடுப்பின் இடத்தில்.
அப்பாவின் மழையங்கி அதே ஆணியில்.
வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில்
ஒரு வெள்ளைக் கோடு, உப்பு.
தரைப்பலகையின் அடியில் உள்ளே ஒன்றுமில்லாத
கொட்டலசு ஒன்று, நகத்தால் சுரண்டியும் வரவில்லை.
கப்பல்களின் வயிற்றில் எத்தனை சுரண்டியிருப்பேன்.
அதை அப்படியே விட்டேன்.

என் சன்னலைத் திறந்தேன்.
எரிமலை இல்லை, அது இப்போது வீட்டின் முதுகுப்பக்கம்.
எதிரே தண்ணீர், தண்ணீருக்கு அப்பால்
மழையில் குனிந்து தோண்டும் ஒரு சிறிய ஆள்.
அவர் பக்கத்தில் இளம்பச்சையாக ஒரு துண்டு நிலம்.
மத்தியானம் நான் நின்ற இடம்.
அங்கே நின்றவனை
இந்தச் சன்னல் பார்த்திருக்கும்.

கடிகாரத்தை ஓர்ஃபெலினா கட்டிக்கொண்டாள்.
நேரத்தை மாற்றட்டுமா என்றேன்.
இருக்கட்டும் என்றாள்.

இரவில் எழுந்து
விளக்கில்லாமல் வாசல்வரை நடந்தேன்.
எதிலும் இடித்துக்கொள்ளவில்லை.
கதவைத் திறந்து இறங்கினேன்,
ஒன்று, இரண்டு.
மூன்றாவது படிக்கு வைத்த கால்
ஈரமண்ணில் புதைந்தது.