எடைக்குறைவு

பறிமுதல் செய்த அன்று பதின்மூன்று கிலோ இருநூறு.
நிபோங் திபால் பாலாய், பிற்பகல் மூன்று பத்து,
கீழே என் கையெழுத்து.
தராசு முள் ஆடி ஓய்கிற வரைக்கும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று எழுதினேன்.

ஜாவி நீதிமன்றத்துக்குத் தூக்கிப் போன அன்று
நாலு கிலோ எழுநூறு.

"மிச்சம் எங்கே?" என்றார் வழக்கறிஞர் குவெக்,
என்னைப் பார்த்து அல்ல, கூரை விசிறியைப் பார்த்து.
எட்டரைக் கிலோ.
அறைச் சாவி என் இடுப்பில்.

காய்ந்துவிட்டது, துவான், என்றேன்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
படிவத்தில் எடைக்குக் கட்டம் உண்டு,
காய்வதற்குக் கட்டம் இல்லை.

கெத்தும் அப்படித்தான்.
நிற்கிறபோது மரம்.
பானையில் கொதித்தால் வழக்கு.
பறித்த கைக்கும் பற்றவைத்த அடுப்புக்கும் நடுவில்
எந்த நிமிஷம் அது குற்றமாகிறது?
இன்ஸ்பெக்டர் ஸுல்ஹில்மியைக் கேட்டேன்.
"வாசனை வந்ததும்" என்றார்.
அவருக்கு வருஷம் முழுக்கச் சளி.
போன மாசியில் ஒரு வீட்டுக் கதவை உடைத்து
பாகற்காய்க் குழம்பைக் கைப்பற்றினோம்.

பாலாய்க்குப் பின்னால் சாக்கடை ஓரம்
ஊமத்தை பூத்துக் கிடக்கிறது.
பிரதோஷத்துக்கு நானே பறிக்கிறேன்,
சீருடையோடு.
ஒரு காயை உடைத்தால் போதும்,
ஷிப்டில் இருக்கிற அத்தனை பேரும்
சுவரோடு பேசத் தொடங்கிவிடுவார்கள்.
அதற்கு இதுவரை கோப்பு இல்லை.

சகாதேவன் லோரி ஓட்டுகிறவர்.
கோழித் தீவனம், ஜொகூர் வரைக்கும்.
"ராத்திரிக்கு முழிப்பு, காலையில முதுகுக்குத் தூக்கம்,
ரெண்டையும் இந்த ஒரே இலை குடுக்குது, மேடம்.
உங்க கிளினிக்குல அப்படி ஒண்ணு இருக்கா?"
வாக்குமூலத்தில் இதை எழுத வேண்டாம் என்றார்கள்.
எழுதவில்லை.

அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.
அதே வாரம் இருமல் மருந்து கலந்து குடித்த பையனை,
பதினேழு வயது, ஒரு காலில் மட்டும் செருப்பு,
சுங்கை பாக்காப் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் நான்தான்.
வழி முழுக்க அவன் என்னை அக்கா, அக்கா என்றான்.
பிறகு நிறுத்திவிட்டான்.

அடுத்த நாள் கோபத்தோடுதான் மரம் வெட்டப் போனோம்.
பாக் டெருஸ் வீட்டுக் கொல்லை.
மனுஷர் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து
வெட்டுவதை வேடிக்கை பார்த்தார்,
எங்களுக்கு ஐஸ் போட்ட சிராப்பும் கொடுத்தார்.
உச்சிக் கிளை சாய்ந்தபோது
காய்ந்த காய்கள் வெடித்து விதை பறந்தது.
விதையா அது, தூசிக்குச் சிறகு முளைத்த மாதிரி.
ஜீப்பின் மேல், தொப்பிக்குள், என் பின்னலில்.
அதோடு புக்கிட் தம்புன் போனோம்,
சிம்பாங் அம்பாட்டில் மீ கோரேங் சாப்பிட்டோம்,
தலையை உதறிக்கொண்டே வீடு திரும்பினோம்.

பதிவேட்டில்: மரம் ஒன்று, வெட்டப்பட்டது.
ஆறு வாரத்தில் அடிக்கட்டையில் நாலு துளிர்.
பாக் டெருஸ் போன் செய்து கேட்கிறார்,
இப்போ உங்க கணக்குல அது ஒண்ணா, நாலா?

சகாதேவனை விட்டுவிட்டார்கள். எடை பொருந்தவில்லை.
கவுண்டரில் வந்து நின்று
இலை கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை,
அந்தப் பச்சை ஜக்கைக் கேட்டார்.
"வீட்டுக்காரி பதினோரு மாசமா தேடுறா."
சான்று எண் ஒட்டியிருந்த தாளை
நகத்தால் சுரண்டிக் கொடுத்தேன். பாதிதான் வந்தது.

இலையை எரிக்க உத்தரவு வந்த அன்று ஐப்பசி மழை.
அறைக்குள் சுவரெல்லாம் வியர்த்திருந்தது.
எரிப்பதற்கு முன் எடை போட வேண்டும். போட்டேன்.
நாலு கிலோ தொள்ளாயிரம்.

இருநூறு கிராம் கூடுதல்.
அது எங்கிருந்து வந்தது என்று
என்னை யாரும் கேட்கவில்லை.