போக

கோட்டையூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளை.
படிவத்தில் குடும்ப எண் பதினேழு.
நான்கு மூங்கில், தகரம், சுவருக்கு ஒரு கட்சி பேனர்.
தலைவர் முகம் உள்பக்கமாகத் திரும்பி
அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஜமுனா மாஜி. வயது தெரியாது என்றாள்,
முப்பது என்று போட்டேன்.
மொழிபெயர்க்க ஜதின் வந்திருந்தான்.
செக்காலை ரோட்டில் பரோட்டா வீசிப் பழகிய தமிழ்,
கெட்ட வார்த்தைகளில் மட்டும் பிழையே இருக்காது.

கேள்வி ஏழு: கடந்த முப்பது நாட்களில்
பசித்தும் சாப்பிடாமல் இருந்ததுண்டா?

அவன் கேட்டான். அவள் நிறையச் சொன்னாள்.
அதில் ஒரு சொல்தான் என் காதுக்குப் பிடிபட்டது,
மூன்று நான்கு தடவை வந்தது:
போக.

எங்கே, ஊருக்கா?
அய்யோ அக்கா, அது பசி.
எங்க பாஷைல பசிக்குப் பேரே அதான்.

ரேஷன் கார்டு?
இருக்கிறது, காலாஹண்டியில்.
இங்கேயே வாங்கலாமே, எந்த ஊர்க் கார்டும் செல்லுமே,
என்று சுவரொட்டி மாதிரி பேசினேன்.
எனக்கு ஐந்து கிலோ, என்றாள்.
நான் இங்கே விரல் வைத்தால்
அங்கே தங்கையிடம் இருக்கும் பிள்ளைகளுக்கு
அந்த ஐந்து கிலோ குறையும்.
அதனால் இந்த ஊர்க் கடையில்
இதுவரை விரலே வைக்கவில்லை.

ஆம். இல்லை. தெரியாது. பதிலளிக்க மறுத்தார்.
நான்கு கட்டங்கள்.
அவள் எதையும் மறுக்கவில்லை.
பேனா முனை தாளில் ஊறி
ஐந்தாவதாக ஒரு புள்ளி வைத்தது.

பிறகு அவள் கேட்டாள். ஜதின் சொன்னான்:
நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்குது.

தமிழில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.
ஆச்சு, என்றேன்.
உதவித்தொகை வந்து இரண்டு மாதம் ஆகிறது.
காலையில் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, ஒரு பன்,
அந்தப் பன்னிலும் பாதி பைக்குள் இருந்தது.
அவள் பையைப் பார்த்தாள்,
ஜதினிடம் ஏதோ சொன்னாள்.
அதை மட்டும் அவன் மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டில் நான்கு பேர்,
சென்னையிலிருந்து சாப்பிடவென்றே வந்தவர்கள்.
எந்த மெஸ்ஸில் நண்டு, எதில் காடை என்று
புதுவயல் வரை சண்டை.
எனக்கு வாய் ஊறியது, மறைப்பானேன்.

இரவு பதினேழாவது வரிசையை நிரப்பினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் அந்தச் சொல்லை மட்டும் தட்டினேன்.

இன்று வழிகாட்டி ஐயாவின் சிவப்பு எழுத்து:
வாக்கியம் முடியவில்லை.
யார், எங்கே?